தைராய்டு டோஸ்: ஒரு ரிப்போர்ட்டில் அதிகம், அடுத்ததில் குறைவு. எதை நம்புவது?

ராப்பணி எழுதியது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம். எண்களை முழுதாகக் கொடுத்தால்தான் யாராவது உருப்படியாகப் பதில் சொல்ல முடியும் என்பதால் சுருக்கவில்லை.

வயது 44, எடை 62 கிலோ. ஹாஷிமோட்டோ, அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்கும் நோய். லீவோதைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) 25இல் ஆரம்பித்து, 50, 75 என்று ஏறி, 100 மைக்ரோகிராமில் நிலைத்தது. அதற்கப்புறம் பல வருடம் தைராய்டு என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தேன். வருடத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுப்பேன், டிஎஸ்எச் (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ஏறும், அதிகமானால் இறங்கும் எண்) 2, 2.5 என்று வரும், டாக்டர் "அப்படியே தொடருங்கள்" என்பார், கதை முடிந்தது.

இப்போது கதை முடிய மாட்டேன் என்கிறது. ரிப்போர்ட்டுகளை வரிசையாகத் தருகிறேன். லேப் போட்டிருக்கும் எல்லை டிஎஸ்எச்சுக்கு 0.4 முதல் 4.0, ஃப்ரீ டி4க்கு (ரத்தத்தில் இருக்கும் தைராய்டு ஹார்மோன் அளவு) 0.8 முதல் 1.8.

100 மைக்ரோ: டிஎஸ்எச் 2.4, ஃப்ரீ டி4 1.3. வழக்கம்போல.

அதே 100, அடுத்த வருடச் சோதனை: டிஎஸ்எச் 0.09, ஃப்ரீ டி4 2.6. டோஸ் அதிகம் என்று 75 ஆக்கினார்.

75, நான்கு வாரத்தில்: டிஎஸ்எச் 0.2, ஃப்ரீ டி4 2.3. இன்னும் அதிகம் என்று 50.

50, ஆறு வாரத்தில்: டிஎஸ்எச் 16.8, ஃப்ரீ டி4 0.7. இப்போது ரொம்பக் குறைவாம். "சரி, நடுவில் 88 போட்டுப் பார்ப்போம்."

இந்தப் "போட்டுப் பார்ப்போம்"தான் என்னை இங்கே எழுத வைத்தது.

டிஎஸ்எச் 0.09 என்றால் படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, எடை குறைவது, தூக்கமின்மை எல்லாம் வர வேண்டும் என்று படித்தேன். எனக்கு ஒன்றுகூட இல்லை. அந்த ரிப்போர்ட் கையில் வந்த அன்றைக்கு நாடித்துடிப்பு 68. டோஸைக் குறைத்த பிறகுதான் உடம்பு கெட்டது. மாடி ஏறினால் தொடை கனக்கிறது, மலச்சிக்கல், எல்லோரும் மின்விசிறி கேட்கும்போது நான் சால்வை தேடுகிறேன். முடி கொட்டுவது மட்டும் இதற்கெல்லாம் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது, அதாவது 2.4 வந்த அந்த நல்ல காலத்திலேயே.

வேலை ஷிப்ட். பெரிய வளாகம் ஒன்றின் குளிர்சாதனம், பம்ப், ஜெனரேட்டர் இவற்றைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கும் கன்ட்ரோல் ரூம். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. மாத்திரையைத் தூங்கி எழுந்ததும் வெறும் வயிற்றில் போடுகிறேன். அது சில வாரம் காலை 5 மணி, சில வாரம் மாலை 4 மணி.

சுகர், பிரஷர் கிடையாது. எப்போதாவது நெஞ்செரிச்சலுக்கு ஒரு மாத்திரை, முடிக்கு ஒரு வைட்டமின், அவ்வளவுதான் மற்றவை.

என் கேள்வி: எடைக் கணக்குப்படி கிலோவுக்கு 1.6 மைக்ரோ, ஆக எனக்கு 99 வருகிறது. இத்தனை வருடம் 100 சரியாக இருந்தவளுக்குத் திடீரென்று அது அதிகமாகுமா? அதிகமானால், பாதியாகக் குறைத்ததும் 16க்குத் தாவுமா? அப்புறம், ராத்திரி ஷிப்ட்காரர்கள் யாராவது இருந்தால் எந்த நேரத்தில் போடுகிறீர்கள் என்றும் சொல்லுங்கள்.

கழுத்துத்தழும்பு எழுதியது:

எனக்குத் தைராய்டே கிடையாது, ஆபரேஷனில் எடுத்தாயிற்று. 1.6ஆல் பெருக்கும் கணக்கு என்னைப் போன்றவர்களுக்குத்தான் ஓரளவு பொருந்தும். சுரப்பி இருந்து அது பாதி வேலையாவது பார்த்துக்கொண்டிருந்தால் தேவை குறையும். அந்தப் பாதியும் வருடப்போக்கில் கரைந்தால் தேவை ஏறும். வயதானவர்களுக்கும் இதயக்கோளாறு உள்ளவர்களுக்கும் இந்தக் கணக்கைப் பார்ப்பதே இல்லை, 12.5 அல்லது 25இல் ஆரம்பித்து மெல்ல ஏற்றுவார்கள்.

அதனால்தான் உங்கள் கதை எனக்கு உதைக்கிறது. ஹாஷிமோட்டோவில் டோஸ் மெதுவாக மேலே போவதுதான் வழக்கம். கீழே இறங்க வேண்டுமென்றால் காரணம் வேண்டும். எடை நிறையக் குறைந்ததா? ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை எதையாவது நிறுத்தினீர்களா? இரண்டும் இல்லையென்றால் டாக்டரிடம் "ஏன் குறைந்தது" என்று கேளுங்கள், "எவ்வளவு போடலாம்" என்பதை அப்புறம் கேட்கலாம்.

நான்கு வாரத்தில் பார்த்ததும் சீக்கிரம். இந்த மருந்துக்கு அரை ஆயுள், அதாவது உடம்பில் உள்ளது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 7 நாள். டோஸை மாற்றினால் ரத்தத்தில் புது அளவு நிலைக்கு வர ஐந்தாறு வாரம் பிடிக்கும், டிஎஸ்எச் இன்னும் பின்தங்கித்தான் நகரும். 6 முதல் 8 வாரம் கழித்துப் பாருங்கள் என்று எல்லா டாக்டரும் சொல்வது இதனால்தான். இருந்தாலும் 100லிருந்து 75 போன பிறகும் ஃப்ரீ டி4 2.3 என்பது எனக்குப் புரியவில்லை.

அடுத்தவர் டோஸோடும் எண்ணோடும் ஒப்பிட்டுக் கவலைப்படாதீர்கள். எனக்குப் புற்றுநோய்க்காக எடுத்தது, அதனால் முதலில் டிஎஸ்எச்சை வேண்டுமென்றே 0.1க்குக் கீழே வைத்திருந்தார்கள். உங்களைப் பயமுறுத்தும் அதே 0.09 என் ஃபைலில் டாக்டர் ஆசைப்பட்ட எண்.

உடம்பே_பேசும் எழுதியது:

அக்கா, நானும் இந்த எண் விளையாட்டில் நொந்துபோனவன். இப்போது டிஎஸ்எச் பார்ப்பதையே விட்டுவிட்டேன். அசதியாக இருந்தால் 125, படபடப்பாக இருந்தால் 100. உடம்பே சொல்லிவிடும். உங்களுக்கு 100இல் நன்றாக இருந்தது என்றால் 100ஐயே போடுங்கள், ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடுங்கள்.

கல்வம் எழுதியது:

நான் மருந்தாளுநர். முதலில் தம்பி உடம்பே_பேசும் சொன்னதற்கு.

உடம்பைக் கேட்டு டோஸ் போட்ட காலம் ஒன்று இருந்தது, நம் யாருக்கும் அது புதிதல்ல. 1891இல் ஜார்ஜ் மர்ரே என்ற ஆங்கிலேய மருத்துவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஒரு பெண்ணுக்கு ஊசியில் ஏற்றினார். வீங்கிப்போய்ப் பேச்சுக் குழறிக் கிடந்தவர் எழுந்து நடமாடி, 28 வருடம் வாழ்ந்து 1919இல் இறந்தார். 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு அந்த ஒருவருக்குச் செலவானது. அப்போது அளக்க வழியில்லை, ஆளைப் பார்த்துத்தான் டோஸ். பிறகு மாத்திரை வந்த காலத்திலும் 200, 300, 400 மைக்ரோ என்று சாதாரணமாகக் கொடுத்தார்கள். டிஎஸ்எச்சை நுட்பமாக அளக்கும் சோதனை வந்ததும்தான் பலருக்குத் தேவைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. அவர்களில் எத்தனையோ பேர் "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்றவர்கள்தான்.

2006இல் ஆஸ்திரேலியாவில் 56 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். எந்த டோஸ் என்று அவர்களுக்கே தெரியாமல் 25 மைக்ரோ அளவில் ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்கள். ரத்தத்தில் டிஎஸ்எச் தெளிவாக மாறியது, அசதியிலும் மனநிலையிலும் வித்தியாசம் தெரியவில்லை. நீங்கள் 100க்கும் 125க்கும் நடுவே தாவுவதும் அதே 25தான் தம்பி. அதுவும் 7 நாள் அரை ஆயுள் உள்ள மருந்து. இன்று கூட்டிப் போட்டு நாளை தெளிவாக இருந்தால் அதற்கு அந்த மாத்திரை காரணமாக இருக்க வாய்ப்பில்லை. அதிக டோஸ் வருடக்கணக்கில் தொடர்ந்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பும், எலும்பு தேயும், மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இன்னும் சீக்கிரம். இரண்டும் முன்கூட்டிச் சத்தம் போடுவதில்லை.

இனி ராப்பணி கேட்டதற்கு வருகிறேன். ஷிப்ட் நேரத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். கடிகாரத்தில் மணி என்ன என்பது இந்த மருந்துக்கு முக்கியமே இல்லை, வயிறு காலியா என்பதுதான் முக்கியம். எழுந்ததும் போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை தண்ணீரைத் தவிர எதுவும் இல்லாமல் இருந்தால் போதும். அல்லது கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துத் தூங்கப் போகும்போது போடலாம். நெதர்லாந்தில் 2010இல் வெளிவந்த ஆய்வில் படுக்கும்முன் போட்டவர்களுக்கு உறிஞ்சுதல் கொஞ்சம் நன்றாகவே இருந்தது. இரண்டில் எது உங்களுக்கு வசதியோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள், அடிக்கடி மாற்றாதீர்கள்.

எனக்குச் சில தகவல் வேண்டும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை உண்டா? அவை இருந்தால் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மாத்திரை போட்டதும் காபியா? நெஞ்செரிச்சல் மாத்திரை பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகையா, தினமுமா? கம்பெனி மாறியதா? ஸ்ட்ரிப்பிலிருந்து பிரித்து வெயில் படும் இடத்தில் டப்பாவில் கொட்டி வைக்கிறீர்களா? ரத்தம் கொடுத்த நாளில் மாத்திரை போட்டுவிட்டுப் போனீர்களா? போட்ட சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 கொஞ்சம் உயர்ந்து காட்டும்.

ராப்பணி எழுதியது:

கழுத்துத்தழும்பு ஐயா, எடை குறையவில்லை, இரண்டு கிலோ கூடியிருக்கிறது. ஹார்மோன் மாத்திரை எதுவும் எடுத்ததில்லை.

கல்வம் அக்கா, கால்சியம் இல்லை, இரும்பு இல்லை. காபி உண்டு, ஆனால் ஒரு மணி நேரம் கழித்துத்தான், அதில் நான் கறார். நெஞ்செரிச்சல் மாத்திரை பான்டோபிரசோல், ஆனால் மாதத்தில் ஒன்றிரண்டு. கம்பெனி மாறவில்லை. ஸ்ட்ரிப்பிலேயேதான் இருக்கிறது. ரத்தம் எப்போதுமே மாத்திரைக்கு முன்னால்.

ஒன்று மட்டும் வித்தியாசம். முதல் மூன்று ரிப்போர்ட்டும் ஒரே லேப். கடைசியாக 16.8 வந்தது வேறு லேப். ராத்திரி ஷிப்ட் முடிந்து வரும்போது வழக்கமான லேப் திறந்திருக்காது, அதனால் இன்னொன்றில் கொடுத்தேன். இரண்டுமே பெரிய லேப்தான். நேரமும் வேறு. இதனால் இவ்வளவு மாறுமா?

சோதனைக்குழாய் எழுதியது:

நான் லேபில் வேலை பார்ப்பவன். நேரம் மாறினால் டிஎஸ்எச் மாறும். நள்ளிரவை ஒட்டியும் விடியற்காலையிலும் உச்சத்தில் இருக்கும், பிற்பகலில் இறங்கும், ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு இந்தச் சுழற்சி இன்னும் குழம்பும். ஆனால் 0.09க்கும் 16.8க்கும் நடுவே உள்ள தூரத்தை அதை வைத்து விளக்க முடியாது.

முதல் பதிவில் "முடிக்கு ஒரு வைட்டமின்" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்த டப்பாவை எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) எத்தனை மைக்ரோகிராம்? எப்போதிலிருந்து சாப்பிடுகிறீர்கள், 2.4 வந்ததற்கு முன்பா பின்பா?

ஏன் கேட்கிறேன் என்றால், பல சோதனைக் கருவிகளில் ரத்தத்திலுள்ள ஹார்மோனைப் பிடித்து நிறுத்த பயோட்டினையும் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதத்தையும் ஒட்டுப்பசையாகப் பயன்படுத்துகிறார்கள். அவை இரண்டும் அவ்வளவு இறுக்கமாக ஒட்டும். நோயாளியின் ரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் நிறைந்திருந்தால் ஒட்டும் இடமெல்லாம் அதுவே போய் உட்கார்ந்துவிடும். டிஎஸ்எச் சோதனையின் அமைப்பில் இதனால் உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். ஃப்ரீ டி4 சோதனை நேர்மாறான முறையில் நடப்பது, அதில் உண்மையைவிட அதிகமாகத் தெரியும். ஆக, டிஎஸ்எச் கீழே, டி4 மேலே. தைராய்டு மிதமிஞ்சிய ஆளின் ரிப்போர்ட் எப்படி இருக்குமோ அச்சு அசல் அதே மாதிரி. ஒன்று மட்டும் கெட்டிருந்தால் டாக்டருக்குச் சந்தேகம் வந்திருக்கும், இரண்டும் ஒத்துப்போவதால்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கிரேவ்ஸ் நோய் (தைராய்டு மிதமிஞ்சிச் சுரக்கும் நோய்) என்றே முடிவு கட்டப்பட்டவர்கள் உண்டு.

எல்லாக் கருவியும் இப்படி அல்ல. பயோட்டின் முறையைப் பயன்படுத்தாதவையும் உண்டு, திருத்தி வடிவமைத்தவையும் வந்துவிட்டன. இரண்டாவது லேபில் அப்படி ஒன்று இருந்திருந்தால் 16.8தான் உங்கள் நிஜ எண்.

ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவையான பயோட்டின் சுமார் 30 மைக்ரோகிராம். முடி, நகம் என்று விற்கும் மாத்திரைகளில் 5,000, 10,000 என்று இருக்கும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017இலேயே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது, மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் சோதனையைக்கூட இது குறைத்துக் காட்டிவிடும் என்பதால்.

ராப்பணி எழுதியது:

டப்பா கையில் இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிந்தது. பயோட்டின் 10,000 மைக்ரோகிராம். 2.4 வந்த பிறகு ஆரம்பித்தது, அன்றிலிருந்து ஒரு நாள் விடவில்லை.

சார், எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கன்ட்ரோல் ரூமில் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், அலாரம் அடித்தால் முதலில் பம்ப்பை நிறுத்தாதே, சென்சார் சரியா என்று பார் என்பதுதான். கேஜ் 90 டிகிரி காட்டும், குழாயைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும். இங்கே நாடித்துடிப்பு 68, சால்வை, மலச்சிக்கல் என்று குழாய் ஜில்லென்று இருந்ததை டாக்டரிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். அவர் கேஜைப் பார்த்து பம்ப்பை நிறுத்திக்கொண்டே போனார்.

"வேறு ஏதாவது மருந்து எடுக்கிறீர்களா" என்று லேபில் கேட்டார்கள். வைட்டமின் என்று சொன்னேன், "அது பரவாயில்லை" என்று டிக் போட்டார் அந்தப் பெண். அவரைக் குறை சொல்லவில்லை, அவருக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

எத்தனை நாள் நிறுத்தினால் ரத்தம் சுத்தமாகும்? இப்போது 88இல் இரண்டு வாரமாக இருக்கிறேன். அதை என்ன செய்வது?

சோதனைக்குழாய் எழுதியது:

குறைந்தது இரண்டு நாள் என்பது பொதுவான அறிவுரை. 10,000 தினமும் எடுத்தவர் ஒரு வாரம் விட்டால் நிம்மதி. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இன்னும் அதிக நாள் பிடிக்கும், உங்களுக்கு அது இல்லை என்று நினைக்கிறேன்.

88ஐ நீங்களாக மாற்ற வேண்டாம். டாக்டரிடம் இந்த டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள். "இணையத்தில் படித்தேன்" என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் காதை மூடிக்கொள்வார்கள். டப்பாவை மேஜையில் வைத்துவிட்டு "இது சோதனையைப் பாதிக்குமா" என்று கேளுங்கள், போதும்.

இரண்டாம்மாதம் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு 75 மைக்ரோ, டிஎஸ்எச் 2.2, இந்த வாரம்தான் கர்ப்பம் உறுதியானது. தைராய்டு டாக்டரிடம் அடுத்த அப்பாயின்ட்மென்ட் ஆறு வாரம் கழித்துத்தான். அதுவரை இதே டோஸ் போதும்தானே?

கல்வம் எழுதியது:

இரண்டாம்மாதம், இதில் காத்திருக்கக் கூடாதம்மா. இன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். முதல் மாதங்களில் குழந்தை முழுக்க உங்கள் ஹார்மோனை நம்பித்தான் இருக்கும், தேவை கால் பங்குக்கு மேல் கூடும். ஏற்கெனவே மாத்திரை போடுபவர்கள் கர்ப்பம் தெரிந்ததும் வாரத்துக்கு இரண்டு மாத்திரை கூடுதலாக, அதாவது 7க்குப் பதில் 9 போட வேண்டும் என்பது அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2017 வழிகாட்டுதல். உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும், ஆனால் ஆறு வாரம் கழித்து அல்ல, இப்போதே. கர்ப்பகாலத்தின் முதல் பாதியில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்ப்பார்கள். கர்ப்பகால மாத்திரைகளில் இரும்பும் கால்சியமும் இருக்கும், அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி.

பேத்தி76 எழுதியது:

என் பாட்டிக்கு 76 வயது, டிஎஸ்எச் 5.9, ஃப்ரீ டி4 நார்மல். மாத்திரை ஆரம்பிக்க வேண்டுமா என்று வீட்டில் ஒரே சண்டை.

கழுத்துத்தழும்பு எழுதியது:

பேத்தி, சண்டையை நிறுத்துங்கள். வயது ஏற ஏற டிஎஸ்எச் கொஞ்சம் உயர்வது இயல்பு. 65 வயதுக்கு மேற்பட்ட, உங்கள் பாட்டி மாதிரி லேசாக உயர்ந்தவர்கள் 737 பேரை வைத்து 2017இல் பெரிய சோதனை வந்தது. மாத்திரை போட்டவர்களுக்கும் மருந்தில்லாத வெறும் மாத்திரை போட்டவர்களுக்கும் அசதியில் வித்தியாசமே இல்லை. சில மாதம் கழித்து மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு டாக்டர் முடிவு செய்யட்டும்.

ராப்பணி, டாக்டரைப் பார்த்தீர்களா இல்லையா?

ராப்பணி எழுதியது:

பார்த்தேன். டப்பாவை மேஜையில் வைத்தேன். அவர் முதலில் டப்பாவைப் பார்த்தார், அப்புறம் என் ஃபைலைப் பின்னாலிருந்து முன்னால் புரட்டினார், அப்புறம் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "நான் கேட்டிருக்க வேண்டும்" என்றார். அதோடு என் கோபம் போய்விட்டது.

வைட்டமினை நிறுத்தி ஒரு வாரத்துக்குப் பிறகு, ஒரே காலையில், மாத்திரைக்கு முன்னால், இரண்டு லேபிலும் ரத்தம் கொடுக்கச் சொன்னார். இது என் ஆசைக்காகவும்தான், அவர் ஒன்று போதும் என்றார். முதல் லேப் 9.1, இரண்டாவது 9.6. முதல்முறையாக இரண்டு கருவியும் ஒரே கதையைச் சொன்னது. 88இல் நிலைக்கு வருவதற்குள் எடுத்தது என்பதால் அந்த எண்ணை வைத்து ஏற்ற இறக்கக் கணக்கு போடவில்லை. பழையபடி 100, எட்டு வாரம் யாரும் எதையும் தொடுவதில்லை என்று முடிவு.

அந்த எட்டு வாரமும் முடிந்தது. டிஎஸ்எச் 2.1, ஃப்ரீ டி4 1.4. சால்வை அலமாரிக்குள் போய்விட்டது, மலச்சிக்கல் இல்லை. மாடிப்படி இன்னும் முழுதாகச் சரியாகவில்லை, ஆனால் முன்பு நடுவில் நின்ற இடத்தில் இப்போது நிற்பதில்லை.

முடி மட்டும் கொட்டிக்கொண்டேதான் இருக்கிறது. டிஎஸ்எச் நன்றாக இருந்த காலத்திலேயே ஆரம்பித்தது என்பதால் வேறு காரணம் தேடலாம் என்று டாக்டரே சொன்னார். ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச் சேமிப்பைக் காட்டும் எண்) பார்த்தார்கள், 8, ரொம்பக் குறைவு. எல்லா அசதியையும் முடியையும் தைராய்டு கணக்கில் எழுதிவிடுவது எவ்வளவு வசதியாக இருந்திருக்கிறது! இத்தனை நாள் பயோட்டினைக் கொட்டிய இடத்தில் தேவைப்பட்டது இரும்பு. மாதவிலக்கு சில வருடமாகவே அதிகம்தான், அதற்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இப்போது கல்வம் அக்காவுக்கு ஒரு கேள்வி. இரும்பு மாத்திரை தினம் ஒன்று. பகல் ஷிப்டில் 5 மணிக்கு எழுந்து தைராய்டு, 9 மணிக்குமேல் இரும்பு என்று சுலபமாக அமைகிறது. ராத்திரி வாரத்தில் மாலை 4 மணிக்கு எழுந்து தைராய்டு, வேலைக்குப் போய் 10 மணிக்கு இரும்பு. சரிதானா? வாரம் மாறும் அந்த ஒரு நாளில் இரண்டும் நெருங்கி வந்துவிடுகிறது. ஞாயிறு காலை ஷிப்ட் முடிந்து 8 மணிக்குத் தூங்கி மதியம் ஒரு மணிக்கே எழுந்துவிடுவேன், அன்று ராத்திரி தூங்கித் திங்கள் 5 மணிக்கு மறுபடி எழ வேண்டும்.

கல்வம் எழுதியது:

இரண்டு வாரத்துக்கும் நீங்கள் போட்ட நேரம் சரி. வாரம் மாறும் நாளில் தைராய்டு மாத்திரைகளுக்கு நடுவே 24 மணி நேரம் சரியாக வர வேண்டுமே என்று குழம்பாதீர்கள். ஞாயிறு மதியம் ஒன்று, திங்கள் காலை 5க்கு ஒன்று, 16 மணி நேர இடைவெளி என்பதெல்லாம் 7 நாள் அரை ஆயுள் உள்ள மருந்துக்கு ஒன்றுமே இல்லை. ஒரு நாளுக்கு ஒன்று என்ற எண்ணிக்கை தவறாமல் இருந்தால் போதும். ஞாயிறன்று இரும்பை மாலை 5 மணிக்கு மேல் தள்ளுங்கள், இல்லையென்றால் அந்த ஒரு நாள் இரும்பை விட்டுவிடுங்கள், தைராய்டை விடாதீர்கள். இரும்பைக் காபியோடு போடாதீர்கள், அதன் உறிஞ்சுதலையும் அது கெடுக்கும். இரும்பு போடும் காலத்தில் பான்டோபிரசோலை வழக்கமாக்கிக்கொள்ளவும் வேண்டாம்.

இரும்பு ஆரம்பித்து 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்எச்சை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான்கு மணி இடைவெளியை எவ்வளவு கறாராகப் பிடித்தாலும் சிலருக்குக் கொஞ்சம் ஏறும், ஏறினால் அப்போது 112 பற்றி டாக்டர் யோசிப்பார். முடிக்கு அவசரப்படாதீர்கள். இன்று கொட்டும் முடி இரண்டு மூன்று மாதம் முன்பே கொட்டுவதற்குத் தயாரான முடி, ஃபெரிட்டின் நிரம்பவும் மாதக்கணக்காகும். அதற்குள் யாராவது வேறு முடி மாத்திரை சொன்னால் வாங்குமுன் டப்பாவின் பின்பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், சோதனைக்குழாய் பார்த்துச் சொல்வார்.